கொழுந்து மடுவத்தில் ஒரு வாங்கு

நாங்கள் விரித்துப் போட்ட நாற்பது நாற்காலிகளில் ஆறில்தான் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் ஆஸ்பத்திரி மாதம் ஒருமுறை நடத்தும் இலவசப் பரிசோதனை அது. பிரஷரும் சீனியும் பார்த்து, மருந்து தேவைப்படுபவர்களை கிளினிக்குக்கு அனுப்புவோம். உயர்தரப் பரீட்சை முடித்து, தாதிப் பயிற்சிக்கு அழைப்பு வரும்வரை நான் அந்தக் குழுவில் தொண்டராகச் சேர்ந்திருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. வேறு வேலை இல்லாமல் நாற்காலிகளையே நேராக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். எதிரே கொழுந்து மடுவம், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் தகரக் கொட்டகை. முப்பது பெண்கள் அதன் முன் வரிசையாக நின்றார்கள். வேலையை விட்டு மண்டபத்துக்கு வர முடியாதவர்கள், தினமும் மூன்று தடவை தாங்களாகவே அங்கே வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் இங்கே நாற்காலி போட்டுக்கொண்டு யாருக்காகக் காத்திருக்கிறோம்?

எங்களுடன் வந்த தாதியை எல்லாரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"நல்ல யோசன. ஆனா உக்கார வச்சுத்தான் பாக்கணும், சரியா?" என்று ஒரு பிரஷர் மிஷினைத் தந்தார்.

தலையாட்டிவிட்டு ஓடினேன். வரிசை வேகமாக நகர்ந்தது, உட்கார ஒன்றும் இல்லை. நின்றபடியே ஒவ்வொருவர் கையிலும் பட்டியைச் சுற்றினேன். பதினொரு பேரில் ஒன்பது பேருக்குக் கூடுதல் என்று வந்தது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை, "என்னா தங்கச்சி, நாளைக்குக் கொழுந்தெடுக்க மலைக்கு ஒரு ஆளையும் மிச்சம் வைக்க மாட்டீங்க போல" என்றார்.

பத்தாவதாகக் கை நீட்டியவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவருடைய எண்தான் எல்லாவற்றிலும் பெரியது. போன வருஷம் பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கை விழுந்தது. அதற்கு முன் அவருக்கு யாரும் பிரஷர் பார்த்ததே இல்லை. அதே வழியில் பெரியம்மாவும் போய்க்கொண்டிருக்கிறாரோ என்று பயந்துபோனேன்.

"பெரியம்மா, நீங்க கட்டாயம் கிளினிக்குக்கு வரணும்."

"எல்லாருக்கும் கூடன்னுதானடி சொல்ற? அப்ப காய்ச்சல் ஒம் மிஷினுக்குத்தான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியம்மா வெறும் பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே தேயிலை மலைக்கு இறங்கிவிட்டார்.

நடந்ததைக் கேட்ட மிஸ்ஸி திட்டவில்லை. "அவங்க எங்க இருந்து ஏறி வாறாங்க?" என்று மட்டும் கேட்டார். கீழ்ப் பள்ளத்திலிருந்து. முதுகில் கொழுந்துப் பையோடு. லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அதே பள்ளத்துக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன எனக்கு அந்த ஏற்றம் மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் கோயிலில் கேட்டு, பத்துப் பேர் உட்காரக்கூடிய ஒரு நீள மர வாங்கைத் தூக்கிவந்து மடுவத்தில் போட்டோம். மிஸ்ஸியும் அதற்காகவே வந்திருந்தார். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் பள்ளத்துக்கே இறங்கினேன். அவர் தன் பையை என் முதுகில் ஏற்றினார்.

"படிச்ச புள்ள, இத மேல கொண்டு வா. பெறகு பேசுவோம்."

பாதி வழியில் இரண்டு அக்காமார் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். மேலே போனதும் மிஸ்ஸி என் கையில் பட்டியைக் கட்டினார். போன வாரம் அந்த ஒன்பது பேருக்கும் வந்தது போலவே எனக்கும் கூடுதல் என்று மிஷின் காட்டியது.

"ஐயோ, இவளுக்கும் வந்துருச்சு. ஏத்துங்கடி ஆம்புலன்ஸ்ல" என்றார் தள்ளிவந்த அக்கா ஒருவர்.

மிஸ்ஸி என்னையும் பெரியம்மாவையும், போன வாரம் கூடுதல் வந்த மற்றவர்களையும் வாங்கில் உட்காரச் சொன்னார். தேத்தண்ணி பிறகுதான், பேச்சும் பிறகுதான் என்றார். கணக்குப்பிள்ளை வரிசையில் நின்ற மற்றவர்களின் கொழுந்தை முதலில் நிறுக்க ஒப்புக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து என் எண் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவளுக்கும் இறங்கியது, அடுத்தவளுக்கும் இறங்கியது. பெரியம்மாவுடையது இறங்கவில்லை. மிஸ்ஸி இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னோடது மட்டும் எறங்கலயா?"

"இல்ல பெரியம்மா."

வலது கை விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தார். "ஒங்கம்மாவுக்கும் இப்புடித்தான் இருந்திருக்குமோ?"

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பட்டியைத் தானே கழற்றி மிஸ்ஸியிடம் கொடுத்தார். பிறகு, "கிளினிக்குக்கு எத்தன மணி பஸ்?" என்றார்.

இப்போது பெரியம்மா தினமும் மாத்திரை போடுகிறார். எண் இறங்கிக்கொண்டு வருகிறது. முழுதாக இல்லை, ஆனால் இறங்குகிறது. வாங்குக்கும் அவரே பொறுப்பு. யாராவது அவசரப்பட்டுக் கையை நீட்டினால், "குந்துடி, மொதல்ல மூச்சு அடங்கட்டும்" என்று தோளைப் பிடித்து அமுக்கிவிடுவார்.

தோட்டத்தின் மேல் பிரிவில் மடுவமே கிடையாது. ரோட்டோரத்திலேயே கொழுந்தைத் தராசில் நிறுத்து லொறியில் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை அந்த லொறியிலேயே வாங்கைக் கொண்டுபோகப் போகிறோம். "வாங்கையும் நிறுத்துட்டுத்தான் ஏத்துவேன்" என்கிறார் டிரைவர். அங்கே ஏற்றம் இன்னும் செங்குத்து, என்னை அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் மிஷினை வெளியே எடுப்பதற்கு முன் பள்ளத்துக்கு இறங்கி, யாரும் சொல்லாமலே ஒரு பையை முதுகில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன்.