தூங்கட்டும், விடுங்கள்

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலம் இன்னும் திறக்கவில்லை. தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெரிப் படகுதான். ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நான் சிஸ்டராக இருந்தேன். தைப்பூசத்துக்கு முதல் நாள், அதாவது ரதம் புறப்படும் நாளில், எனக்குப் பகல் டியூட்டி. அந்த டியூட்டிக்கு யாரும் போட்டி போடுவதில்லை என்பதால் வருடா வருடம் அது என்னையே தேடி வரும்.

ரதம் வரும் வழியில் எங்கள் ஊரில் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாலையோரம் குன்று குன்றாகத் தேங்காயைக் குவித்து, தமிழர்களும் சீனர்களுமாக இரண்டு கையாலும் எடுத்து எடுத்து அடிப்பார்கள். புண்ணியம் உடைப்பவருக்கு, சில்லு வேடிக்கை பார்ப்பவருக்கு. அந்த வருடம் ஒரு சில்லு என் அக்காளின் ஐந்து வயது மகளுக்குக் கிடைத்தது. காதுக்கு மேலே பட்டது. அவள் பின்னால் சாய்ந்து, நடைபாதைக் கல்லில் தலையை இடித்துக்கொண்டாள்.

அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. அத்தானின் தோளில் தலை தொங்கிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. சட்டையில் வாந்தி. பின்னால் அக்காளும் அத்தானின் தமக்கையும்.

டாக்டர் ஊருக்குப் புதிது. கெட்டிக்காரர், ஜாக்கிரதையானவர். எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. ஆனால் எலும்பு உடையாததால் உள்ளே ரத்தம் கசியவில்லை என்று அர்த்தமில்லை. தலைக்குள் படம் பிடிக்கும் ஸ்கேன் இயந்திரம் அப்போது எங்களிடம் இல்லை. கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். திருவிழா நாளில் ஃபெரிக்கு வரிசை, பிறகு மணிக்கணக்கில் ரோடு. வழியில் குழந்தைக்கு ஏதாவது ஆனால் நடுவழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அனுப்பாமல் வைத்துக்கொண்டு உள்ளே கசிவு இருந்துவிட்டால், வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடையது. டாக்டர் அனுப்பிவிடும் பக்கம்தான் சாய்ந்தார். வாந்தி, அரைத்தூக்கம்: அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அடிபட்டதும் நினைவு தப்பியதா? இல்லை, உடனே ஊரைக் கூட்டி அழுதாளாம். வாந்தி எத்தனை தடவை? ஒரு தடவை. அதற்கு முன் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதும், அத்தானின் தமக்கை பெருமையோடு முன்னால் வந்தார்.

"நாங்க தூங்கவே விடல, தங்கச்சி. கண்ணு சொருகுறப்பெல்லாம் எதையாச்சும் வாயில குடுத்துகிட்டே இருந்தோம்."

எதையாவது என்றால்? சிரப் தண்ணீர், கேசரி, பந்தலில் கொடுத்த மோர், பிறகு துருவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம். அதற்கும் மசியாதபோது முகத்தில் தண்ணீர், கன்னத்தில் தட்டு. ரதம் பார்க்கும் ஆசையில் முந்தின இரவும் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிப்பாட்டிவிட்டார்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையைத் தூங்க விட்டால் எழுந்திருக்காது என்பது எங்கள் குடும்பங்களில் அசைக்க முடியாத மருத்துவ அறிவு. எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராமலே எல்லோரும் தேறியிருந்தார்கள். இப்போது பாருங்கள்: பாடப்புத்தகம் சொல்லும் இரண்டு அபாயக் குறிகள் என் கண்முன்னால் இருக்கின்றன. இரண்டையும் என் சொந்தக்காரர்களே கைப்பட உண்டாக்கியிருக்கலாம். உண்டாக்காமலும் இருக்கலாம். அதுதான் சிக்கல்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவள் என் அக்காள் மகள், என் அபிப்பிராயத்தை அதற்குத் தகுந்தபடி எடை போட்டுக்கொள்ளுங்கள் என்பதையும் சொன்னேன். அவர் அவளை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு, வெளிச்சத்துக்குச் சுருங்கின. கை கால்கள் ஒழுங்காக அசைந்தன. பிறகு முடிவு சொன்னார். இங்கேயே இருக்கட்டும், தூங்கட்டும், மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்ப்போம். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். மறுபடி வாந்தி எடுத்தாலோ, கண்மணி வித்தியாசப்பட்டாலோ, எழுப்ப முடியாமல் போனாலோ அந்த நிமிடமே புறப்பாடு.

அத்தான் ஏற்கவில்லை. "காடி வெளியே நிக்குது. நானே கே.எல். ஓட்டிட்டுப் போறேன்" என்று கார்ச் சாவியை எடுத்தார். வழியில் அவள் கண்ணை யார் பார்ப்பது, ஓட்டுகிற நீங்களா என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார். அக்காள் அவ்வளவு சுலபமாக அடங்குகிறவள் இல்லை.

"தூங்கினா எந்திரிக்க மாட்டா. நீ படிச்சவளா இருக்கலாம் லா. பெத்தவ நான்."

"தூங்கட்டும்க்கா. எழுப்புறதுக்கு நான் இருக்கேன். எந்திரிக்கலைன்னா உடனே தெரிஞ்சிரும். இப்படி முழிக்க வெச்சே கொன்னா, தூக்கமா அடியான்னு ஒண்ணுமே தெரியாது."

அக்காள் கட்டிலின் மறுபக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலை தலையணையில் படும் முன்பே பிள்ளை தூங்கிவிட்டாள்.

முதல் தடவை எழுப்பி நான் யார் என்று கேட்டேன். "சித்தி" என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல. அடுத்த தடவை காலையில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "மாடு சாணி போட்டுச்சு" என்றாள். அந்த மாடுகள் இழுத்துவந்த வெள்ளி ரதம் அவள் கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது.

அதற்கடுத்த தடவை அவள் எழுந்திருக்கவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தோளை உலுக்கினேன். கை துவண்டு கிடந்தது. எதிரே அக்காள் எழுந்து நின்றாள். முன்பு ஒரு தடவை, ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடிப் படியில் விழுந்து எங்கள் வார்டுக்கு வந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். நன்றாகப் பேசி, பிஸ்கட் சாப்பிட்டு, தூங்கி, அதற்குப் பிறகு பேசாமலே போனவன். இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்மணி சரியாகச் சுருங்கியது. ஆனாலும் அசைவில்லை. வலிக்காவது அசைகிறாளா என்று அவள் விரல் நகத்தின் மேல் என் பேனாவை வைத்து அழுத்தினேன்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "போ லா சித்தி. உன்கூட இனிமே பேச மாட்டேன்."

மூளை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிக்கையை நான் என் வேலைக்காலம் முழுவதும் கேட்டதில்லை. யார், என்ன உறவு, என்ன தண்டனை, எல்லாம் அதில் இருந்தது.

சாயங்காலம் தானாகவே விழித்தாள். பசிக்கிறது என்றாள். சாமி வண்டி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தாள். அப்போதுதான் கவனித்தேன், அக்காள் கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். பிள்ளை எட்டி அம்மாவின் கன்னத்தில் தட்டத் தொடங்கினாள். "தூங்கக் கூடாதும்மா" என்றாள், மிகவும் கண்டிப்பாக.

"தூங்கட்டும், விடு" என்றேன்.

மறுநாள் வரை வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்கேன் இயந்திரமும் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் இருக்கிறது. தேவைப்படும் பிள்ளைக்கு அது உடனே வேண்டும். தேவையா என்பதை முதலில் யாராவது உட்கார்ந்து கேட்கவும் பார்க்கவும் வேண்டும். அவள் கண் திறக்காத அந்தச் சில நொடிகளில்தான், அத்தனை வருடமாகப் பிற தாய்மார்களிடம் 'காத்திருந்து பார்ப்போம்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் ஓய்வு பெறும் வரை அதையேதான் சொன்னேன், ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.