உறையில் இல்லாத முகம்

செய்தி எனக்குத் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாற்காலிக்காரர் விரித்துப் பிடித்திருந்த தினசரியில் "பிரபல பாடகி ராயபுரம் தனகோடி காலமானார்" என்று இருந்தது. கீழே ஒரு படம். காதோரம் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்ட ஓர் இளம்பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசு, பாவம்" என்றார் அவர். தனகோடி அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. படத்தில் இருந்தது அவரில்லை.

அவரைத் தெரிந்தவர்கள் பலர் நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் அவருக்கு நாடக மேடையிலும் பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஆர்மோனியப் பெட்டி வாசித்தவன். வேறொருத்தியின் முகம் அவருடைய பெயரோடு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன்.

அவர் காசிமேட்டுக் கட்டுமரக்காரர் ஒருவரின் மகள். அம்மா ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றவர். நாடகக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே முதலாளி, "உன் பேச்சைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வா, மேடையில் நீ ராஜகுமாரி" என்று உத்தரவு போட்டார். அக்கா செந்தமிழைக் கற்றுக்கொண்டு மேடையில் அதைப் பேசினார். திரைக்குப் பின்னால் வந்ததும் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுவார். ஒருமுறை தண்டையார்பேட்டையில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்து போயிற்று. கூட்டம் விசில் அடித்தது. சிம்மாசனத்தில் இருந்த ராஜகுமாரி எழுந்து, "இன்னாத்துக்குக் கூவுறீங்க? வெளக்குதானே அவிஞ்சுது, என் தொண்டையா அவிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, இருட்டிலேயே பாடத் தொடங்கினார். விளக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை; பாட்டு முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தார்கள். மறுநாள் முதலாளி அவரை நிற்க வைத்துத் திட்டினார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜகுமாரி பேசிய பேச்சுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

பிறகு கிராமபோன் தட்டுகள் வந்தன, சினிமா வந்தது. யுத்தகாலத்தில், குண்டு பயத்தில் பட்டணம் காலியானபோதும் அவர் ராயபுரத்தை விட்டுப் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பாடிவிட்டு வருவார். அந்த நாளில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அவருடைய தட்டு சுழலாத மாலைப்பொழுது குறைவு.

யுத்தம் முடிந்ததும் சினிமா மாறியது. ஒருத்தி நடிக்க, இன்னொருத்தி மறைவில் நின்று பாடும் வழக்கம் வந்தது. ராணியாக நடித்த அக்காவை முதலில் ராணிக்குத் தாயாக்கினார்கள். பிறகு தாதியாக்கினார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. அவர் இதற்காக அழுது நான் பார்த்ததில்லை. "கைதட்றவன் வூட்டுக்குப் போயிடுவான். பாடினவதான் அங்கியே நின்னுகினு இருப்பா" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். "பெட்டிக்காரரே, புதுசா பாட்டு கீது. கேட்டுட்டுச் சொல்லு, நல்லா இல்லேன்னா இங்கியே சொல்லிடு" என்றார். ராயபுரம் ரயில்வே குடியிருப்பிலிருந்து கிதார் வாசிக்கும் ஆங்கிலோ இந்தியர் ஒருவரும் வந்திருந்தார். கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்கும்போது ஆட்கள் மூச்சுப்பிடித்துப் போடும் தாளத்தை அந்தக் கிதாரில் எடுக்கச் சொல்லி, அதன்மேல் அக்கா காசிமேட்டுப் பேச்சிலேயே பாடினார். அப்படியொரு பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் அடுப்பு மூட்டும் பெண்ணின் பாட்டு அது. எங்கள் ஊர்ப் பேச்சைச் சினிமாவில் சிரிப்பு நடிகர்கள்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒருத்தி துக்கப்படுவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அந்த மாதிரிப் பாட்டுகளுக்காகவே ஒரு படம் எடுக்க அக்கா துணிந்தார். ராயபுரத்து வீடு அதில் போயிற்று. கடலில் மகனைப் பறிகொடுத்த மீன்காரத் தாய்தான் கதையின் நாயகி. அந்த வேஷம் அவருக்கு. எண்ணூர் முகத்துவாரத்தில் படப்பிடிப்பு நடந்தது. காத்திவாக்கத்துப் பெண்கள் தங்கள் கூடைகளோடு வந்து நடித்தார்கள். டைரக்டர் அவர்களுக்குப் பவுடர் பூசச் சொன்னபோது அக்கா குறுக்கே வந்து, வெயிலில் நிற்கிறவள் வெயிலில் நிற்கிற மாதிரியே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டார். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

பாதிப் படத்தில் பணம் தீர்ந்தது. படத்தை எடுத்துக்கொள்ள வந்த விநியோகஸ்தர், எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, திரையிலிருந்து மீன் நாற்றம் அடிக்கிறது என்றார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அவர்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. கதையை மாற்றினார்கள். தாய் இரண்டு காட்சிக்குச் சுருங்கினாள். ஜமீன்தார் மகள் ஒருத்தி புதிதாக முளைத்தாள், கடற்கரையில் உலாவினாள், அடுப்பு மூட்டும் பெண்ணின் பாட்டுக்கு வாயசைத்தாள். நடித்தது ஒரு புதுமுகம். பெயர் வேண்டாம், அந்தப் பெண்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் ஓடியது. அதுவரை தட்டுகள் வெறும் பழுப்புக் காகித உறையில்தான் வரும். இந்தத் தட்டுக்குக் கிராமபோன் கம்பெனி வண்ணப்படம் போட்ட உறை தயாரிக்க முடிவு செய்தது. அதை வரையும் வேலையை அக்கா, ராயபுரத்தில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த பர்னபாஸுக்கு வாங்கிக் கொடுத்தார். பர்னபாஸ் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர். கரையேற்றிய கட்டுமரத்தில் அக்கா உட்கார்ந்திருப்பதாக வரைந்தார். அவருடைய நரைத்த முடி, உதட்டில் வெற்றிலைச் சிவப்பு, முழங்கையில் பச்சை குத்திய தேள் எல்லாம் அதில் இருந்தன. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்தார். "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான்யா என்னை எவனோ ஒருத்தன் பார்த்துகீறான்" என்றார்.

உறை அச்சாகி வந்தது. கடல் அதே கடல், கட்டுமரமும் சேலையும் அவையேதான். முகம் மட்டும் அந்தப் புதுமுகத்தினுடையது. பர்னபாஸ் மாற்ற மறுத்ததால் வேறு ஆளை வைத்து மேலே வரைந்திருந்தார்கள். அவசரத்தில் கையை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஜமீன்தார் மகளின் முழங்கையில் காசிமேட்டுத் தேள் இருந்தது. கீழே பெரிய எழுத்தில் "பாடியவர்: தனகோடி."

கம்பெனி ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். மானேஜர் மரியாதைக்காரர், காபி வரவழைத்தார். ஜனங்கள் கண்ணால் பார்த்துத்தான் தட்டை வாங்குகிறார்கள் என்றும், வயதான முகம் கடையில் எடுபடாது என்றும் பொறுமையாக விளக்கினார். அக்கா காபியைத் தொடவில்லை.

"என் மூஞ்சிக்கு வயசாயிடுச்சி. என் தொண்டைக்கு மட்டும் ஆவலையா?"

மானேஜர் புன்னகை செய்தார்.

"அப்போ என் பேரை எடுத்துட்டு அந்தப் பொண்ணு பேரையே போட்டுடு. என் மூஞ்சி இல்லாத எடத்துல என் பேரு இன்னாத்துக்கு?"

அது முடியாது, பெயருக்கு இன்னும் மார்க்கெட் இருக்கிறது என்றார் அவர். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். படியிறங்கி வரும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் எதையும் பிடித்துக்கொண்டு படியிறங்கியதில்லை.

கடைசி வருஷங்கள் காசிமேட்டில் தங்கை வீட்டில் கழிந்தன. நெஞ்சுச் சளி விடவில்லை. ஒருநாள் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அந்த நடிகை பாட்டு" பாடச் சொல்லிக் கேட்டாள். அக்கா எழுந்து உட்கார்ந்து பாடினார். முடிந்ததும் அவள், "அப்டியே அந்தம்மா மாதிரியே பாடறே ஆயா" என்றாள். அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. நான் அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, "இதுக்கும் மேல இன்னா கீது, சொல்லு" என்று என்னிடம் கேட்டார்.

இருந்தது. சாவு வீட்டில் பார்த்தேன். சினிமாக்காரர்கள் மாலைகளை அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். அந்த நடிகை ஒருத்திதான் நேரில் வந்தாள். பாடையைத் தூக்கித் தெருவில் நாலடி வைத்திருப்பார்கள். அவளுடைய கார் முனையில் வந்து நின்றது. "பாட்டுக்காரம்மா வந்துகீது, நவுரு நவுரு" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் காரை நோக்கி ஓடியது. தூக்கியவர்கள் இடிபட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்தப் பெண் கைகூப்பி, பாடியது நானில்லை, நானில்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. அக்காவின் தங்கை பாடையின் முன்னால் வந்து நின்றார். "பாட்டுக்காரி இங்க படுத்துகினு கீறா. அங்க இன்னாய்யா பாக்கறீங்க?" என்று கேட்டார். இரண்டொருவர் தலைகுனிந்து திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் கார் போகும்வரை வரவில்லை.

அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பெயர் செய்தியில் இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் அல்லவா.

அவருடைய குரலைக் காசு கொடுத்து யாரும் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்திருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். போன வாரம் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் நடிகையின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, இதைப் பாடியவர் யார், எந்தத் தெருவில் பிறந்தார், அவர் முகம் எப்படி இருக்கும் என்று உரக்கச் சொல்லத் தொடங்கினேன். "பெருசு, பாட்டைக் கேக்க வுடு" என்றான் ஒருவன்.

நான் விடவில்லை.