ஸ்டெல்லா டீச்சரின் வேலைநாள் மத்தியானங்கள்

எங்கள் பள்ளியில் காலையில் உள்ளே நுழையும்போதே ஆசிரியர்களின் செல்போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்கு நேராக வரவில்லை. பிளஸ் டூ வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்து ராணி வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், கெமிஸ்ட்ரி ஸ்டெல்லா மிஸ் தவறிட்டாங்களாமுங்க. சேலத்துல இருந்து அவுங்க தங்கச்சி போன் பண்ணாங்க. நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்லீங்களாம்."

சாக்பீஸும் கையுமாக நின்றேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது என்ன என்பதை அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? பொறாமைதான். சாவுகூட இந்த அம்மாளுக்கு ஒரு வேலைநாள் மத்தியானத் தூக்கத்தில் வாய்த்திருக்கிறதே என்ற பொறாமை.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் ஒரு படிப்பு நேரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படிப்பு நேரம், ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இதற்கு நடுவில் அக்கா பெண்கள் விடுதியின் வார்டனாகவும் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை கிடையாது, சாப்பாட்டுச் செலவு கிடையாது. சம்பளம் வந்தவுடன் பெரும்பகுதி மியூச்சுவல் ஃபண்டுக்கும் வங்கி டெபாசிட்டுக்கும் போய்விடும். நாங்கள் மனை வாங்கினோம், நகை வாங்கினோம், வீட்டுக்கு மேல் வீடு கட்டினோம். அவர் அதே நாலு காட்டன் புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டினார். "அப்படி என்னத்தைத்தான் சேர்க்கறீங்க டீச்சர்?" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்தால், "மத்தியானம் சேர்க்கறேன்" என்பார். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தவள்.

நாற்பத்தாறு வயதில் ராஜினாமா கொடுத்தார். எங்கள் தாளாளர் ஆடிப்போய்விட்டார். இந்தப் பக்கம் நல்ல கெமிஸ்ட்ரி டீச்சர் வேலையை விடுகிறார் என்றால் பக்கத்துப் பள்ளி கொத்திக்கொண்டு போகிறது என்றுதான் அர்த்தம். "எந்த ஸ்கூலுங்க? எவ்வளவு தர்றாங்க? அதுக்கு மேல நான் தரேன்" என்றார். "ஸ்கூலுக்கு இல்ல சார், வீட்டுக்குப் போறேன்" என்றார் அக்கா. தாளாளர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? பள்ளி வேன் டிரைவரைச் சேலத்தில் அக்கா வீடு இருந்த தெருவுக்கு அனுப்பி, அவர் எங்கே போகிறார், வருகிறார் என்று வேவு பார்க்கச் சொன்னார். டிரைவர் தங்கவேலு ஒரு வாரம் அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து சொன்ன அறிக்கை எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் பிரசித்தம்.

"எந்த ஸ்கூலுக்கும் போவலீங்க. காத்தால செடிக்குத் தண்ணி உடறாங்க. மத்தியானம் சன்னலச் சாத்திட்டுத் தூங்கறாங்க. அவ்வளவுதானுங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அன்று மதியம் ஐந்தாவது பீரியடில், கண்ணைத் திறக்க முடியாமல் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அக்காவின் சாத்திய ஜன்னல்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் பங்குச் சந்தை சரிந்த ஒரு சமயம். செய்தியைப் பார்த்த மறுநிமிடம் அவருக்குப் போன் போட்டேன். அக்கறையில் என்று சொல்ல மாட்டேன். "என்னக்கா, ஃபண்டெல்லாம் போச்சாமே?" என்றேன். "ஆமா கோகிலா, நல்லாவே இறங்கிடுச்சு. இந்த மாசம் மட்டன் எடுக்கல, டூர் போகல. தூக்கம் மட்டும் அப்படியேதான் வருது" என்றார். பிறகு என் மகனைப் பற்றி விசாரித்தார். போனை வைத்தபோது எனக்குத்தான் நஷ்டமான மாதிரி இருந்தது.

கடைசியாக அவரைச் சேலம் வீட்டில் பார்த்தது போன மாதம், பரீட்சை இல்லாத அபூர்வமான ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் புலம்பினேன். "உங்களுக்கென்னக்கா, மகராசி" என்றேன். அவர் காபியை நீட்டிக்கொண்டே, "நீயும் வேலைய விட்டு நிக்கலாமே" என்றார். "கடன் முடிஞ்சுது. பி.எஃப். இருக்கு. பையன் பெங்களூர்ல சம்பாதிக்கறான். அந்த மாடிய வாடகைக்கு விட்டா மாசச் செலவு ஓடிடும். இன்னிக்கே நிக்கலாம்."

மாடி மகனுக்காகக் கட்டியது. அவன் பொங்கலுக்குப் பொங்கல் வந்து இரண்டு நாள் படுப்பான். மற்ற நாள் பூட்டுதான். எங்கள் தெருவில் பாதி மாடிகள் இப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன. "குடியிருக்கற ஊட்ட வாடகைக்கு உட்டா, சோத்துக்கில்லாமப் போயிட்டாங்கன்னு ஊர் பேசாதுங்களாக்கா?" என்றேன். கோபத்தில் என் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "உங்களுக்குப் புள்ளையா, குட்டியா? நீங்க பேசுவீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "புள்ளை இல்லதான். கணக்கு டீச்சர் நீ. ஒரு தடவை நீயே போட்டுப் பாரு" என்றார். வாசல்வரை வந்தவர், "ஒரு செவ்வாய்க்கிழமை வாம்மா. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு, அதுல ருசி இல்ல" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை போனேன், அரை நாள் சம்பளப் பிடித்தத்தோடு, அடக்கத்துக்கு. தெருவில் ஆள் இல்லை. யார் வீட்டிலோ குக்கர் சத்தம் போட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா திருத்தமாகப் படுத்திருந்தார். பூசைக்கு நேரம் இருந்தது. அவருடைய தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ரூம்ல கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோங்க" என்றார். அக்காவின் கட்டிலில் சும்மா சாய்ந்தேன். தூங்கிவிட்டேன். துக்க வீட்டில், ஜெபமாலை சொல்லும் சத்தத்துக்கு நடுவில், ஒரு வேலைநாள் மத்தியானத்தில், செத்தவள்போலத் தூங்கினேன். ஃபாதர் வந்துவிட்டார் என்று தங்கை தொட்டு எழுப்பியபோது வெட்கமாக இருந்தது. அதைவிட, எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டேன். அக்கா சொன்னது சரி. மிச்சமே வருகிறது.

எல்லோரும் அவருடைய பொறுமையை, அன்பை, பாடம் நடத்திய அழகைத் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்தப் பொறாமையை. அவர் இருந்தவரை, 'கொடுத்து வைத்தவள்' என்று அவர்மேல் எரிந்துகொண்டே வேலைக்குப் போக முடிந்தது. எரிவதற்கு இனி ஆள் இல்லை. பஸ் ராசிபுரம் தாண்டும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. "மிஸ், நாளைக்குக் காத்தால ஸ்டடிக்கு வந்துருவீங்கல்ல?"

"வாரேனுங்க" என்றேன். என் வாயாலேயே.