ஹெல்மெட் போட்ட திருடன்

எங்கள் டிவி நாடகங்களில் பத்தொன்பது வருஷமாகத் தலைகாட்டும் ஒருவரை எல்லோரும் 'முதுகு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். தலைகாட்டும் என்று சொன்னதுகூடத் தப்பு. வங்கி வரிசையில் நிற்பவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்திருப்பவர், கோர்ட்டில் கடைசிக்கு முந்தின நாற்காலி எல்லாம் இவர்தான். கேமரா எப்போதும் இவருக்குப் பின்னால் இருக்கும்.

அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். "முகத்துல சுருக்கம் விழும், முதுகுக்கு வயசே கிடையாது" என்பார். மாமியாரிடம்தான் பாச்சா பலிக்கவில்லை.

"நடிகன்னு சொல்லித்தானே மாப்பிள்ளை என் பொண்ணைக் கட்டினீங்க? உங்க மூஞ்சியை டிவியில பார்த்துட்டுத்தான் கண்ணை மூடணும்னு இருக்கேன். நீங்க என்னைச் சாகவே விடமாட்டீங்க போலிருக்கே!"

கடைசியில் ஒரு வேஷம் வந்தது. ஸ்கூட்டரில் வந்து ஒரு அம்மாவின் பையைப் பறித்துக்கொண்டு பறக்கும் திருடன். முகம் திரை முழுக்கத் தெரியும். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

குறுக்கே விழுந்தவன் நான். எங்களுடையது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் டிவி. நாடகமே ஆனாலும் ஊருக்கு நாலு நல்லதைக் காட்டியாக வேண்டும். கதையைப் படித்து விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். படித்து வாங்கிய வேலையில் கோட்டை விடுவேனா? 'வண்டி ஓட்டுபவர் எவரானாலும் ஹெல்மெட் கட்டாயம்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அவருக்குக் கிடைத்ததோ தாடை வரை மூடுகிற ஹெல்மெட்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, திருடப் போறவன் ஹெல்மெட் போடுவானா?"

"நம்ம டிவியில போடுவான்ணே."

"சரி. சிவப்பு சிக்னல் விழுந்தா?"

"நிக்கணும்."

"பையை அடிச்சிட்டு ஓடுறவனுமா?"

"எவனா இருந்தாலும் நிக்கணும்ணே."

"நின்னா போலீஸ் பிடிக்கும். பிடிச்சா, 'ஹெல்மெட்டைக் கழட்டுடா'ன்னு சொல்லுமா சொல்லாதா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். வண்டி நின்றபின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பிச்சுப் போறதைவிட இது ஜோரா இருக்கே. அப்படியே எடுத்துடலாம்!"

எடுத்தார்கள். சிக்னலில் ஏழு வினாடி அண்ணன் முகம் மட்டும். அகப்பட்டுக்கொண்ட முழி, கன்னத்தில் ஹெல்மெட் அழுத்திய தடம். ஒளிபரப்பான மறுநாள் பஸ்ஸில் அண்ணனைப் பார்த்ததும் பக்கத்து சீட்டு அம்மா பையை மடியோடு அணைத்துக்கொண்டாராம். அதை ஆபீஸில் ஒருத்தரையும் விடாமல் எல்லோரிடமும் அண்ணனே சொல்லித் தீர்த்தார்.

இன்னொரு விதியும் என் கண்ணில் பட்டது. குற்றவாளியைக் காட்டினால் அவன் திருந்துவதையும் காட்ட வேண்டும். அதையும் சிவப்பு மையில் எழுதினேன். அண்ணனுக்கு இன்னும் ஆறு வாரம் ஜெயில் காட்சி என்று முடிவானது.

அன்று மாலை சேதி தெரிந்து மாமியார் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார்.

"திருட்டு முழி அம்சமா பொருந்தியிருக்கு மாப்பிள்ளை. அவசரப்பட்டுத் திருந்திடாதீங்க."