கற்பூரம் அணைத்த நாள்

யாரையும் லேசில் நம்பிவிடக் கூடாது என்கிற ஞானம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தேர்தல் சொல்லித்தந்தது. இன்றைக்கும் காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் நான் தட்டைப் பார்ப்பதில்லை, அவருடைய கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் எதற்காக அவ்வளவு சிரிக்கிறார் என்பதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கண்டமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வார்டு மெம்பர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. தெருவில் குழாய் உடைந்தால் உடைந்த குழாயைவிட அப்பாதான் அதிகம் சத்தம் போடுவார். அந்த முறை கட்டாயம் நின்றுவிடுவது என்று வெள்ளை வேட்டி சட்டை எல்லாம் தைத்து வைத்திருந்தார். பார்த்தால், எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்பாவுக்குக் கொஞ்ச நாள் சோறே இறங்கவில்லை. அப்புறம் தனக்கு ஒரு மனைவி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அம்மா அப்போது பாண்டிச்சேரி எல்லையில் இருந்த ஒரு மாத்திரை கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கும். டிபன் பாக்ஸும் மடித்த நீலக் கோட்டுமாக அம்மா ஓட்டமும் நடையுமாகப் போவாள். ஒரு லீவு நாளில், அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க நான் பின்னாலேயே ஓடினேன். வேன் ஜன்னல் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு ஒரு சிரிப்பு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. யாரோ வேறு வீட்டு அம்மாவைப் பார்ப்பது மாதிரி இருந்தது. பாட்டிலைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

மனு கொடுப்பதற்கு முந்தின நாள் அப்பா கறாராகச் சொன்னார்.

"மெம்பர் ஆயிட்டா இந்தக் கம்பெனி வேலை எல்லாம் வேணாம். மெம்பரம்மா வேன்ல தொங்கிக்கினு போனா என் கவுரவம் இன்னா ஆவுறது? வூட்ல இரு. நான் சொல்ற எடத்துல கையெழுத்துப் போடு, போதும்."

அம்மா கேப்பைக் களியைக் கிளறிக்கொண்டே, "சரிங்க," என்றாள். அம்மா எப்போதும் சொல்கிற சரிதான் அது.

பெரியம்மாதான் கேட்டாள். பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. வேலி ஓரமாக வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏன்டி, அரசனை நம்பி புருசனை வுட்ட கதையா, மெம்பர் பதவிய நம்பி நல்ல வேலைய வுடப் போறியா? சூப்பர்வைசர் ஆக்குறாங்கன்னு சொன்னியே?" என்றாள்.

"என் கையில இன்னாக்கா இருக்குது," என்றாள் அம்மா.

இதை நான் உடனே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பெரியம்மா நம்மை நிற்க விடாமல் கெடுக்கப் பார்க்கிறாள் என்பது என் கண்டுபிடிப்பு. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அன்றோடு நானே என்னை வேவு பார்க்கும் வேலையில் சேர்த்துக்கொண்டேன்.

எதிர்த்து நின்றது கோழிக்கடைக்காரர் மனைவி. எங்கள் தெரு முனையில் அவர்கள் கடை. அம்மாவுக்குப் பூட்டுச் சின்னம் கிடைத்தது, அந்த அக்காவுக்குச் சீப்பு. அப்பா விழுப்புரம் போய் ஆள் தலை அளவு ஒரு பூட்டு வாங்கி வந்து, மொபெட் ஹேண்டில்பாரில் மாட்டிப் பூட்டி, ஊர் முழுக்க ஓட்டினார். போஸ்டரில் அம்மா படம் ஓரத்தில் தபால்தலை மாதிரி இருந்தது. நடுவில் அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஓட்டுக் கேட்டுப் போகும்போது அப்பா முன்னால் போய்ப் பேசுவார், அம்மா பின்னால் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பாள். வெளியூர்க்காரர் ஒருவர், "அந்தம்மா யாருங்க?" என்றே கேட்டுவிட்டார்.

என் வேவுப்பணி நன்றாக நடந்தது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லையில் வரப்புத் தகராறு இருந்தது. மோட்டார் தண்ணீர் பாய்ச்சும் முறையிலும் அவ்வப்போது வாய்த்தகராறு வரும். ஆகவே பெரியப்பாவின் பெயர் என் மனதில் முதலாவதாக இருந்தது. இரண்டாவது சித்தப்பா. அவர் தினமும் கோழிக்கடை பெஞ்சில்தான் பேப்பர் படிப்பார். ஒரு புதன்கிழமை சித்தப்பா வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. புதன்கிழமையில் யாராவது காரணமில்லாமல் கோழி அடிப்பார்களா? நெருப்பில்லாமல் புகையுமா? போய் எட்டிப் பார்த்தேன். சித்தி ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். சந்தேகத்தோடேயே சாப்பிட்டு முடித்தேன்.

நடுவில் பெரிய பூட்டின் சாவி காணாமல் போனது. அதிலும் ஒரு சதி இருப்பதாக நினைத்தேன். பூட்டு கழற்ற முடியாமல் மொபெட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டுப் போடும் நாளில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சாவடி. அம்மா போட்டுவிட்டு வெளியே வந்தபோது நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் முகம் வேர்த்திருந்தது. விரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அது எங்கே போகும்?

"பூட்டுல சரியா குத்துனியாம்மா? கோடு மேல படாம குத்தணுமாம். அப்பா சொன்னாரே."

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஓட்டு ரகசியம்டி. கேக்கக் கூடாது. கேட்டா போலீசு புடிச்சிக்கும்," என்றாள்.

நான் பயந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். கேட்காமலே வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

எண்ணிக்கை அன்று காலையில் ஒன்றிய அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன், அவ்வளவு அவசரத்திலும், அம்மா நீலக் கோட்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். இனிமேல் தேவைப்படாது, துவைத்து எடுத்து வைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பட்டாசு வெடித்தது கோழிக்கடைப் பக்கம். அம்மா ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனாள். அப்பா கத்தி ரகளை செய்ததில் மறுபடியும் எண்ணினார்களாம். மறுபடியும் அதே ஒரு ஓட்டு.

வீட்டுக்கு வந்த அப்பா வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நூறு ஓட்டுல தோத்திருந்தா ஊர் போடலைன்னு போயிருப்பேன். ஒத்தை ஓட்டு! எவனோ நம்ம ஆளு ஒருத்தன் மாத்திக் குத்திட்டான். அவன் மட்டும் ஒழுங்கா போட்டிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கணக்கு சரியாகவே பட்டது. சொந்தத்தில் ஒருவர் பூட்டை விட்டுச் சீப்பில் குத்தியிருந்தால் போதும்.

மறுநாள் பங்காளிகள் அத்தனை பேரையும் அப்பா திரௌபதியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடன் தகராறு, ஆடு திருட்டு எல்லாம் அப்படித்தான் தீரும். ஓட்டுக்குக் கற்பூரம் அணைத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். பூசாரி, "இந்த வம்புல என்னை இழுக்காதீங்க," என்று தட்டையும் தீப்பெட்டியையும் வைத்துவிட்டு நழுவினார். அப்பா தீப்பெட்டியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

"வேணாங்க. போனது போவட்டும், வுட்டுடுங்க," என்றாள் அம்மா.

"உனுக்காகத்தான்டி பண்றேன். கொளுத்து. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், பார்த்துக்கலாம்."

யாருடைய நெஞ்சு குறுகுறுக்கிறது என்று பார்க்க வசதியாக நான் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டேன். முதலில் பெரியப்பாவைத்தான் கூப்பிட்டார் அப்பா. பெரியப்பா அசையவில்லை.

"டேய், உன்னைத் தோள்ல தூக்கிக்கினு போயி மயிலம் தேர் காட்னவன்டா நானு. என்னையாடா அணைக்கச் சொல்ற?"

"குத்தம் இல்லன்னா இன்னா பயம், அண்ணே?"

காற்றுக்குக் கற்பூரம் நிற்கவில்லை. அம்மா இரண்டு கையையும் குவித்து மறைத்து ஏற்றினாள். குச்சி விரல்வரை எரிந்தும் அவள் அதைக் கீழே போடவில்லை. பெரியப்பா குனிந்து, உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்து அழுத்தினார். பின்னால் வந்த மற்றவர்கள் போலச் சட்டென்று எடுக்கவில்லை. அணைந்த பிறகும் அப்படியே வைத்திருந்தார். "நான் பூட்டுக்குத்தான் போட்டேன் தாயே," என்றார். பெரியம்மா அழுதுகொண்டே அணைத்தாள். இரண்டு பேரும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். அதற்கப்புறம் பெரியப்பா எங்கள் வாசல்படி மிதிக்கவே இல்லை. அவர் காரியத்துக்குத்தான் அப்பா அந்த வீட்டுக்குப் போனார். அந்தக் கருத்த உள்ளங்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நடுவில் இருந்த அத்தனை வருஷமும் அம்மா மட்டும், விசேஷம் தவறாமல், அப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் தூக்குவாளியில் பாயசம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புவாள். எதற்கு என்று கேட்டால், "பெரியவங்கடி," என்பாள்.

அன்று ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். அணைய அணைய அம்மா புதுக் கற்பூரம் வைத்து ஏற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியாகச் சித்தப்பா அணைத்துவிட்டு, கையை ஊதிக்கொண்டே, இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "எல்லாரும் ஆச்சு. அண்ணி ஒருத்தங்கதான் பாக்கி. நீங்களும் அணைச்சிடுங்க அண்ணி," என்றார்.

தோற்ற பிறகு அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவே சிரித்துவிட்டார். "போடா பைத்தியக்காரா! தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குவாளா எவளாவது?" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தீப்பெட்டியை மூடி, கற்பூரத் தட்டைத் துடைத்து, பூசாரி வைத்த இடத்திலேயே வைத்தாள். எல்லோருடைய உள்ளங்கையிலும் கரி இருந்தது. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் டேங்க் பக்கம் வேன் ஹாரன் கேட்டது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா நீலக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மாவுக்கு எவ்வளவு துக்கமாக இருக்கும், துணைக்குப் போவோம் என்றுதான் போனேன்.

வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லாம், "வாம்மா மெம்பரு!" என்று கத்தினார்கள். அம்மா ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். வேன் கிளம்பும்போது அந்தச் சிரிப்பைக் கேட்டேன். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு போனாள்.

பாவம் அம்மா, அழுகையை மறைக்கத்தான் இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்குத் துரோகம் செய்தது யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்து, நேராகச் சித்தப்பா வீட்டை நோக்கி நடந்தேன்.