பெரியப்பா வாசல் பக்கத்து ஜன்னல்

என் அப்பா கொத்தனார். ஏரியூர்ப் பக்கம் அவர் ஜன்னல் வைக்காத வீடு குறைவு. எங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும் ஜன்னல் கிடையாது.

பாகம் பிரித்தபோது சமையலறையின் வெளிச்சுவர் பெரியப்பா வாசலைப் பார்த்தபடி அமைந்துவிட்டது. அந்தப் பிரிவினையில் ஏதோ பேச்சு முற்றி, அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தச் சுவரை உடைக்க வேண்டுமென்றால் பெரியப்பாவைக் கேட்க வேண்டும். அப்பா கேட்கமாட்டார்.

கேஸ் அடுப்பு டீக்கும் அவசரத்துக்கும்தான். களியும் குழம்பும் விறகடுப்பில். புகை சமையலறையில் முட்டி, நாங்கள் படுக்கும் அறைக்கு வந்து நிற்கும். குளிர் தொடங்கினால் அங்கிருந்த ஒரே ஜன்னலையும் கோணிப்பை வைத்து அடைத்துவிடுவோம். கொசுவத்தி வேறு. தம்பிக்கு ஐந்து வயது. வருஷா வருஷம் கார்த்திகை, மார்கழியில் அவனுக்குச் சளி பிடிக்கும், பிறகு இழுக்கும். மூச்சுக்கு மூச்சு அவன் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு அவனை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை டாக்டரம்மா அவனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உங்க சேலையிலயே புகை வாசம் அடிக்குது. வீட்ல ஜன்னல் இல்லைங்களா? புகை வெளிய போகலன்னா எவ்வளவு மருந்து குடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோணிப்பையை உருவி எறிந்தார். கொசுவத்தியை நிறுத்திவிட்டு வலை கட்டினார். சமையலறைப் புகை மட்டும் அசையவில்லை. மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பெரியப்பாகிட்டப் போயி, தம்பிக்கு ரொம்ப இழுக்குது, செவுத்துல ஜன்னல் வெக்கணும்னு சொல்லு."

பெரியப்பா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒப்பித்து முடித்தேன்.

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

அம்மா என்று சொன்னால் விரட்டிவிடுவாரோ என்று பயம். "அப்பா" என்றேன்.

"உங்கப்பனா?"

"ஆமாங்க பெரியப்பா."

கையிலிருந்த சோளத்தட்டையைப் போட மறந்து நின்றார். மாடு கழுத்தை நீட்டி அதை இழுத்துக்கொண்டது. "வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "உங்கண்ணன் அந்தச் செவுத்துல ஜன்னல் வெச்சுக்கச் சொல்லிட்டாருங்க" என்றார்.

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

அதில் பொய் ஒன்றுமில்லை. அப்பா முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைத்தார். சட்டத்தைத் தூக்கி வைத்தபோது வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் அதைப் பிடித்தன. "இடது பக்கம் எறங்கியிருக்குது" என்றார் பெரியப்பா. அப்பா ஏற்றினார். "இப்ப?" "இப்ப சரி." பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மாலைக்குள் பூச்சு வேலை முடிந்தது.

புகை ஒழுங்காக வெளியே போனது. அதற்குப் பிறகும் அந்தக் குளிரில் தம்பிக்குச் சளி வராமல் இல்லை. ஆனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரவில்லை. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் வர்ணம் பூச அவன் பெரியப்பாவோடு போனான்.

அந்த வாசலில்தான் பெரியம்மா துணி காயப்போடுவார். ஜன்னல் வைத்த நாலாம் நாள், காய்ந்த சேலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடியை அவிழ்த்து, வெயில் சரியாக விழாத பின்பக்கத்தில் கட்டிக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவிடம், பெரியம்மாவுக்கு நம்மேல் கோபம் என்றேன். அம்மா அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார்.

பெரியம்மாவுக்குக் கோபம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கோபமிருந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.