பக்கத்து அறையில் விழுந்த படம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த தனியார் கல்லூரியில் சந்திரகலா கணிதம் சொல்லிக்கொடுத்தாள். 1997ஆம் ஆண்டு. கிள்ளானிலிருந்து தினமும் காலையில் விஜயனின் காரில் வருவாள். விஜயன் அதே கல்லூரியில் கணினிப் பிரிவு, அவளைவிட மூத்தவர். அவருடைய மனைவி பிரசவத்துக்குப் போனபோது ஒரு மாதம் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தது சந்திரகலாவின் அம்மா மாரியாயிதான். அதனால் அவள் அவரை "அண்ணே" என்றே கூப்பிட்டாள், வெறும் வாய்வார்த்தைக்கு அல்ல.

இருவரும் சேர்ந்துதான் கல்லூரியின் பழைய கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் போட்டார்கள். அதன்மேல் ஆக்டேவ் என்ற கணித மென்பொருள். இரண்டையும் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்தும் பார்க்கலாம். விஜயன் சிடி கொண்டுவந்தார். அதை மாணவர்கள் கைக்குப் பழக்கியது சந்திரகலா.

அது லேசான வேலையாக இல்லை. "மிஸ், ஹேங் ஆயிடுச்சு லா" என்று எவனாவது கத்துவான். போய்ப் பார்த்தால் திரையின் அடியில் ஒரு முக்காற்புள்ளி மட்டும் நிற்கும். விடை நீளமாக இருந்தால் ஒரு பக்கம் காட்டிவிட்டு அது காத்திருக்கும். க்யூ எழுத்தைத் தட்டினால் வழிக்கு வந்துவிடும். இன்னொருத்தி, அணிகளைப் பெருக்கத் தெரியாத கணினி என்று திட்டுவாள். வரிசையும் நிரலும் பொருந்தாததை அவள் பார்த்திருக்க மாட்டாள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்று தெரியாமல் அரைமணி நேரம் தேடுபவர்களும் உண்டு. சந்திரகலா யாரையும் திட்டியதில்லை. "அது பொய் சொல்லாது. என்ன சொல்லுதுன்னு முதல்ல படி" என்பாள்.

கல்லூரிக்குப் புதிய ஆய்வகம் வருவதாகப் பேச்சு எழுந்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றை விற்க ஒரு நிறுவனம் வந்து போய்க்கொண்டிருந்தது. முதல்வர் வீரசிங்கம் நியாயமாகத்தான் நடந்தார், அல்லது அப்படித் தோன்றியது. "நீங்களும் உங்களுடையதைக் காட்டுங்கோ, சந்திரகலா. நிர்வாகக் குழு பார்த்து முடிவு செய்யட்டும்" என்றார்.

கூட்ட அறையில் ஒரு கணினியை வைத்து, ஆய்வகத்துக் கணினிகளோடு இணைத்து, சனிக்கிழமையே விஜயன் எல்லாம் தயார்செய்து கொடுத்தார். "கவலைப்படாத கலா. நான் பாத்துட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை மதியம் கூட்டம். சந்திரகலா நீலச் சேலை கட்டியிருந்தாள். சமன்பாடுகள் தீர்ந்தன, அணிகள் பெருகின, குழுவில் ஒருவர் தலையாட்டக்கூடச் செய்தார். பிறகு வரைபடம். கட்டளையைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பிழை என்றும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு கணினி சும்மா இருந்தது.

மறுபடி தட்டினாள். எழுத்துப் பிழையா என்று பார்த்தாள். எண்களைக் குறைத்துப் பார்த்தாள். வெளியே வந்து மென்பொருளைத் திரும்பத் திறந்தாள். வகுப்பில் என்றால் பதறாமல் ஒவ்வொன்றாகத் தேடியிருப்பாள். இங்கே முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பி விஜயனைத் தேடினாள். அவர் இடத்தில் இல்லை. சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார், உட்கார்ந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

"எனக்கும் புரியல கலா" என்றார் விஜயன். எழுந்து வரவில்லை.

வீரசிங்கம் தொண்டையைச் செருமினார். "இலவசமாய் வாறதுக்கு யார் பொறுப்பு? அதுதான் பிரச்சினை" என்றார். நிறுவனத்து ஆள் தன் கணினியைத் திறந்தபோது சந்திரகலா அறையைவிட்டு வெளியே வந்தாள்.

முகம் கழுவப் போனவள் வழியில் ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். அங்கே விஜயனுடைய கணினியில் அவளுடைய வரைபடம் இருந்தது. கடைசியாகக் கேட்ட சைன் வளைவு, அச்சுகளோடும் தலைப்போடும், மாணவர் யாருமில்லாத அறையில் சுத்தமாக வரைந்து நின்றது. படம் எந்தத் திரையில் விழ வேண்டும் என்று ஒரு வரியில் குறித்திருப்பார்கள். கூட்ட அறைக் கணினியின் அந்த வரியில் விஜயனுடைய கணினியின் பெயர் நின்றுவிட்டது. திருத்த ஒரு நிமிடம் ஆகாது. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார வீரம்மா நிமிர்ந்தாள். "அது தானா வரையுது, மறையுது, திரும்ப வரையுது டீச்சர். எனக்குப் பயமாப் போச்சு. கூட்டம் நடக்குற ரூமுக்குப் போயி விஜயன் தம்பியக் கூட்டியாந்து காமிச்சேன்."

"எப்ப?"

"இப்பத்தான், நீங்க எல்லாரும் உள்ள இருக்கயில. பாத்துட்டு, தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னுட்டு போயிட்டாரு."

சந்திரகலாவின் சிரிப்பு அங்கேயே நின்றது.

மாலையில் விஜயன் காரின் பக்கத்தில் காத்திருந்தார். அவள் கதவைத் திறக்கவில்லை.

"வீரம்மா கூப்பிட்டு, வந்து பாத்தீங்களா?"

அவர் சாவியைக் கைமாற்றினார். "பாத்தேன்."

"பாத்துட்டு வந்து, புரியலன்னீங்க."

"நான் வேணும்னு கெடுக்கல கலா. சனிக்கிழமை என் சீட்லேர்ந்து டெஸ்ட் பண்ணேன். திருப்பி மாத்த மறந்துட்டேன், சத்தியமா."

"மறந்தத நான் கேக்கல."

விஜயன் சாலையைப் பார்த்தார். மினிபஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. "அந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் வந்தா, புது லேபுக்கு என்னைத்தான் ஹெட்டா போடுறாங்க. சிங்கப்பூர்ல ட்ரெயினிங். போன மாசமே சொல்லிட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"போன மாசம்" என்றாள் சந்திரகலா. "தினமும் இதே கார்லதான் வந்தேன், அண்ணே."

அன்று ரயிலில்தான் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் காலைப் பயணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எந்த நாள் அவர் சிரிப்பு உண்மை, எந்த நாள் பொய் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

மறுநாள் முதல்வரிடம் காரணத்தை விளக்கினாள். விஜயன் பார்த்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. கணினியில் ஒரு வரி தவறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். வீரசிங்கம் பொறுமையாகக் கேட்டார். நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றார். ஆய்வகத்தில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார்கள். பழசென்று கிடங்கில் தூக்கிப்போட்ட சில கணினிகள் மட்டும் தப்பின. அந்தப் பருவம் முடிந்ததும் சந்திரகலா கிள்ளானிலேயே ஒரு பள்ளிக்கு மாறிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. விஜயன். புதிய மென்பொருளின் உரிமத் தவணை முடிந்து எதுவும் திறக்கவில்லையாம். செய்முறைத் தேர்வு அன்றைக்கே. கிடங்கிலிருந்து பழைய கணினிகளை எடுத்து வைத்திருக்கிறாராம்.

"பாஸ்வேர்டு நீதானே போட்ட. பிள்ளைங்க வேற உக்காந்துருக்காங்க. கொஞ்சம் சொல்லேன், கலா."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "ஸ்டூடன்ட் யாராச்சும் பக்கத்துல இருந்தா போனக் குடுங்க" என்றாள்.

ஒரு பெண்ணின் குரல் வந்தது. சந்திரகலா கடவுச்சொல்லைச் சொன்னாள். எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்று அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, "சார்கிட்ட குடுக்கவா மிஸ்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. நீ போயி எழுது."

போனை வைத்தாள். அடுப்படியிலிருந்து மாரியாயி யாரென்று கேட்டாள்.

"பழைய காலேஜ்லேர்ந்து" என்றாள் சந்திரகலா.

"விஜயனா? நல்லா இருக்கானாமா? இந்தப் பக்கமே வர்றதில்லையே."

அம்மாவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.